கேட்பவர் கேள்விகள்: ஆம்ப்ளிஃபையரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற இதழில் ஸ்ட்ரீமர் பற்றி நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. தெரியாதவர்களுக்காக ஒரு சொல்: வைஃபை வழியாக இணையத்திலிருந்தோ வீட்டுக் கணினியிலிருந்தோ பாட்டை எடுத்து, உங்கள் பழைய ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் ஸ்ட்ரீமர். கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "எந்தப் பெட்டி வாங்கலாம்?" ஆனால் வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் என்ன என்று எழுதியவர்கள் மூன்று பேர்தான். சென்னை நரசிங்கபுரம் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த பட்டறையில், இருபத்தாறு ஆண்டுகள் ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து மூடியவன் நான். அங்கே கற்றதை வைத்துச் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி, பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் முக்கால் பங்கு அங்கேயே முடிந்துவிடும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, அப்பா 1981இல் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் எங்கள் வீட்டில் இருக்கிறது. சிடி பிளேயர் கெட்டுப்போனதால் ஒரு ஸ்ட்ரீமர் வாங்கினோம். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஐந்து துளை உள்ள வட்டச் சாக்கெட்டுகள்தான் நிறைய. சிவப்பு, வெள்ளை வயர் பொருந்தும் சாக்கெட் ஒரே ஒரு ஜோடி. அதில் மாட்டினால் பாட்டு ஒரே கரகரப்பு. கீழ்ஸ்தாயி மட்டும் இடிக்கிறது, பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. கடைக்காரர் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். அப்பாவுக்கு மனமே இல்லை.

அம்மா, அந்த ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் மாட்டிய ஜோடிக்கு மேல் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஃபோனோ என்பது இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளுக்கான வாய். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, சுமார் 5 மில்லிவோல்ட். ஸ்ட்ரீமர் கொடுப்பதோ 2 வோல்ட் வரை, அதாவது நானூறு மடங்கு. குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற இடத்தில் குடத்தைக் கவிழ்த்தது போல. அது மட்டுமல்ல. இசைத்தட்டில் பதியும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியைக் கூட்டிப் பதிவார்கள். ஃபோனோ வாய் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்யும். உங்கள் ஸ்ட்ரீமரிலிருந்து வருவது ஏற்கெனவே சரியான ஒலி. அதையும் அது 'திருத்துவதால்' மிருதங்கத்தின் இடந்தலை இடிக்கிறது, குரல் கிணற்றுக்குள் போகிறது.

உங்களுக்கு வேண்டியது அந்த ஐந்து துளை வட்டச் சாக்கெட். அதற்கு டின் (DIN) சாக்கெட் என்று பெயர். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த பல ஆம்ப்ளிஃபையர்களில் இதுதான் வழக்கம். 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதியிருக்கும் வாயைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முனையில் டின், மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. (அதாவது அந்தச் சிவப்பு, வெள்ளை பின்) உள்ள வயர் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் கேட்டு வாங்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. டேப் சாக்கெட்டில் 3, 5 எண் முட்கள்தான் ஒலியை உள்ளே வாங்குபவை. 1, 4 எண் முட்கள் ரெக்கார்டு செய்ய ஒலியை வெளியே அனுப்புபவை. 2 எர்த். பல வயர்களில் 1, 4 மட்டும் இணைத்திருப்பார்கள். அதை மாட்டினால் ஒரு சத்தமும் வராது. "பிளேபேக்குக்கு வேண்டும், 3, 5 இணைத்தது" என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அங்கேயே பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுப்பார்கள்.

மாட்டிய பிறகும் வால்யூமைச் சற்றுத் திருகியவுடனே வீடு அதிர்ந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர்கள் 200 மில்லிவோல்ட் வந்தாலே முழுப் பலத்தோடு பாடும்படி செய்யப்பட்டவை. 2 வோல்ட் என்பது சிடி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். ஸ்ட்ரீமரின் செயலியில் வெளியீட்டு அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள். டிஜிட்டலில் குறைத்தால் ஒலித்தரம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 6 டெசிபெல் குறைத்தால் ஒரு பிட் (ஒலியை அளக்கும் நுணுக்கத்தில் ஒரு படி) போகும், அது உண்மைதான். 18 டெசிபெல் குறைத்தால் மூன்று பிட். 24 பிட் பெட்டியில் அப்போதும் 21 மிச்சம். சிடிக்கே 16தான். அப்பாவின் காது எதையும் இழக்காது.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் ஒரு புளூடூத் ரிசீவர் இருக்கிறது. நன்றாகவே பாடுகிறது. அதைவிட அதிக விலை கொடுத்து வைஃபை ஸ்ட்ரீமர் எதற்கு?

நன்றாகப் பாடினால் மாற்ற வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். ஆனால் இரண்டுக்கும் வேலை செய்யும் விதத்திலேயே வேறுபாடு உண்டு. புளூடூத்தில் பாடுவது உங்கள் செல்போன். அது பாட்டை வாங்கி, மறுபடி சுருக்கி, காற்றில் எறிகிறது. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் அடிப்படை முறையில் இது நொடிக்குச் சுமார் 328 கிலோபிட்டைத் தாண்டாது. சிடியில் நொடிக்கு 1,411. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. யாராவது போன் செய்தால் கச்சேரி நின்றுவிடும். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் விட்டுவிட்டுக் கேட்கும்.

வைஃபையில் கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறைகளில் பெட்டியே நேராக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட். நீங்கள் பேசலாம், கடைக்குப் போகலாம், போனை அணைத்தும் விடலாம். பாட்டு ஓடும். ஐபோனின் ஏர்பிளே அப்படியல்ல. பெரும்பாலும் பாட்டு போன் வழியாகத்தான் போகும். ஆனால் புளூடூத்தைவிடத் தரமும் எட்டும் தூரமும் அதிகம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: "பெரும்பாலும் யூடியூபில் பழைய கச்சேரிகள் கேட்பேன்." சென்னையில் பாதி வீடுகளில் இதுதான் நிலை. படம் இல்லாத, ஒலி மட்டும் உள்ள பெட்டிக்குச் சாதாரண யூடியூப் செயலியிலிருந்து காஸ்ட் செய்ய முடியாது. யூடியூப் மியூசிக் செயலியிலிருந்துதான் முடியும். யாரோ வீட்டில் கேசட்டிலிருந்து ஏற்றிய கச்சேரி எல்லாம் அங்கே வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே எந்த ஸ்ட்ரீமர் வாங்கினாலும் அதில் போனிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை ஏற்கும் வசதியும் இருக்கட்டும். யூடியூபின் ஒலியே நொடிக்கு 128 முதல் 160 கிலோபிட் அளவுதான். அதற்கு உயர்தெளிவுப் பெட்டி வாங்கி ஒரு பயனும் இல்லை.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கர்நாடக இசை சிடிகளை எம்பி3 ஆக மாற்றி, ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஸ்ட்ரீமர் வழியாகக் கேட்கிறேன். ராகம் தானம் பல்லவியில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒரு நொடி அறுந்துபோகிறது. சிடியில் இப்படி இல்லை. இது என் பிரமையா?

பிரமை இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் என் வீட்டுப் பெட்டியில் சோதித்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.

சினிமாப் பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு பாட்டு முடியும், அமைதி, அடுத்தது தொடங்கும். கச்சேரியில் அப்படி இல்லை. ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று சிடியில் பிரித்திருப்பார்கள். ஆனால் பின்னால் தம்பூரா நிற்கவே இல்லை. பாடகர் மூச்சு வாங்குகிறார், வயலின் கடைசி ஸ்வரத்தை மெல்ல இறக்குகிறது, அடியில் ஸ்ருதி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் கால் நொடி அறுந்தாலும் தரை காணாமல் போனது போல இருக்கும். பாட்டைவிட ஸ்ருதி அறுவதுதான் காதைக் குத்தும்.

காரணம் இரண்டு. ஒன்று, எம்பி3. அது ஒலியை 1,152 மாதிரிகள் (நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும் ஒலி அளவுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. பாட்டு அந்தத் துண்டுக் கணக்கில் சரியாக முடியாது என்பதால் கடைசியில் வெற்று அமைதியை இட்டு நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். பிளேயர் அதைக் கவனித்து வெட்டினால்தான் ஒட்டும். சிடிகளை மறுபடி, ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) முறையில் மாற்றுங்கள். அதில் ஒரு மாதிரிகூடக் கூடாது, குறையாது. ஒரு மணி நேரக் கச்சேரி சுருக்காமல் 635 எம்பி. ஃப்ளாக்கில் கிட்டத்தட்டப் பாதி. நூறு சிடிகளும் ஒரு 64 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். வேலைதான், ஒரு மழைக்காலம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது காரணம் பெட்டி. சில ஸ்ட்ரீமர்கள் ஒரு டிராக் முழுவதும் முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தேடிப் போகும். சில, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். அதே பெட்டி காஸ்ட் வழியில் அறுக்கும், தன் சொந்தச் செயலி வழியில் அறுக்காது என்பதும் உண்டு. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கடைக்குப் போகும்போது தானத்தின் கடைசிப் பகுதியும் பல்லவியின் தொடக்கமும் உள்ள இரண்டு ஃப்ளாக் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். தானம் முடியப் பத்து நொடி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தம்பூராவை மட்டும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, நம் சங்கீதம் கேட்பவர்கள் ஒரு ஸ்ட்ரீமருக்கு வைக்க வேண்டிய முதல் பரீட்சை இதுதான். 192 கிலோஹெர்ட்ஸ் உயர்தெளிவுக் கோப்பு வரை பாடும் என்று விளம்பரம் செய்யும் பெட்டி இதில் தோற்றால் அது எனக்கு வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ராஸ்பெர்ரி பை வாங்கி நானே ஸ்ட்ரீமர் செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள், தம்பி. ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை. அதன் மேல் பொருந்தும் ஒரு டி.ஏ.சி. பலகை (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சாரமாக மாற்றுவது), 'மூட்' (moOde) அல்லது 'வாலுமியோ' (Volumio) என்ற பாட்டு மென்பொருள், நல்ல 5 வோல்ட் அடாப்டர், ஒரு மெமரி கார்டு. இவ்வளவுதான். தம்பூரா பரீட்சையில் நன்றாகவே தேறும். மின்சாரம் திடீரென்று போகும்போது மெமரி கார்டில் இருப்பது சிதைந்துபோக வாய்ப்பு உண்டு. எனவே எல்லாம் சரியாக அமைந்ததும் அப்படியே இன்னொரு கார்டில் பிரதி எடுத்து டிராயரில் வையுங்கள். நீங்கள் வேலைக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் அதை யார் சரிசெய்வார்கள் என்பதையும் யோசியுங்கள்.

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி: ஸ்ட்ரீமர் மாட்டியதிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அதோடு இடது ஸ்பீக்கர் அவ்வப்போது நின்றுவிடுகிறது. வயரை அசைத்தால் வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய், அம்மா.

முதலில் ஸ்பீக்கர். உங்கள் தெருவிலிருந்து கடற்கரை எத்தனை அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கத்திலிருந்து பட்டறைக்கு வரும் ஆம்ப்ளிஃபையர்களை முகவரி கேட்காமலே அடையாளம் கண்டுவிடுவேன். உப்புக்காற்று பட்ட ஆர்.சி.ஏ. சாக்கெட் பளபளப்பு போய் மங்கியிருக்கும், ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைச் சிறிதளவு அடித்து, வயர் பின்னைச் சொருகி பத்து முறை இடமும் வலமுமாகத் திருப்புங்கள். துணியில் துடையுங்கள். கருப்பாக வரும். முன்பக்கத் தேர்வுத் திருகையும் (ஆக்ஸ், டேப் என்று மாற்றுவது) இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஸ்ட்ரீமரை மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் இதைச் செய்யும்வரை கேட்காதீர்கள்.

இனி இரைச்சல். ஸ்ட்ரீமர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே ஆம்ப்ளிஃபையரில் சேரும்போது எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையமாகிவிடும். அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முனகும். கேபிள் டிவி வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் அதுதான். உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஆப்டிகல் வாய் இருக்கிறது என்கிறீர்கள். ஸ்ட்ரீமரை அதன் வழியாக இணையுங்கள். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. அந்தப் பக்கத்து வளையம் அறுந்துவிடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சல் போக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்காதீர்கள். இரைச்சல் போகும். என்றாவது உள்ளே ஒரு வயர் அறுந்து பெட்டியின் உடம்பைத் தொட்டால், உங்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டிய பின் அங்கே இருக்காது.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள். இன்று வாங்கினால் பத்து வருடம் வர வேண்டும்.

பெயர் சொல்கிறேன். பத்து வருடம் பற்றியும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு ஒரு ஸ்ட்ரீமர் வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். உள்ளே எல்லாம் தரமான பாகங்கள். நானே திறந்து பார்த்து மெச்சிய பெட்டி அது. ஆனால் எதற்கும் அவர்களுடைய செயலியைத்தான் திறக்க வேண்டும். ஒருநாள் செல்போனை மாற்றினேன். புதிய போனுக்கு அந்தச் செயலி இல்லை. அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். பெட்டிக்கு விளக்கு எரிகிறது, சூடாகிறது, ஆனால் பாடச் சொல்ல வழியில்லை. ஒரு டிரான்சிஸ்டர் போனால் மாற்றத் தெரிந்த எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பெரிய நிறுவனமானாலும் இதே கதைதான். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது, 2019 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் உள்ளிருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்து உலகம் முழுக்கச் சில நாட்கள் முடங்கி, பிறகு திருத்தம் வந்து உயிர்பெற்றது. மாறாக ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பழைய பெட்டியைப் பாருங்கள். லாஜிடெக் நிறுவனம் 2012இல் அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் மென்பொருள் எல்லோருக்கும் திறந்தது என்பதால் ஆர்வலர்கள் இன்றும் புதுப்பித்து ஓட்டுகிறார்கள்.

ஆகவே ஒரே செயலியை நம்பிய பெட்டி வேண்டாம். காஸ்ட், ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை கனெக்ட், டி.எல்.என்.ஏ. (வீட்டுக் கணினியில் உள்ள பாட்டை எடுக்கும் முறை), புளூடூத் என்று பல வாசல்கள் இருக்கட்டும். ஒன்று அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும். இந்தக் கணக்கில் இன்று நான் சொல்வது விம் புரோ (WiiM Pro). காஸ்ட், ஏர்பிளே இரண்டும் உண்டு, ஆர்.சி.ஏ., ஆப்டிகல் வெளியீடு உண்டு, ரவுட்டரிலிருந்து லேன் வயரும் போடலாம். அதே நிறுவனத்தின் சிறிய மினியில் காஸ்ட் இல்லை. விலை கூடிய அல்ட்ராவில் ஏர்பிளே இல்லை. புதியது, விலை உயர்ந்தது என்பதற்காக அல்ட்ராவை வாங்கிவிட்டு, ஐபோன் வைத்திருக்கும் மகள் வந்து "ஏன் வரவில்லை" என்று கேட்டால் பதில் இருக்காது. வீட்டில் யார் கையில் என்ன போன் என்று முதலில் எண்ணிவிட்டுப் போங்கள். மிச்சப் பணத்துக்கு ஸ்பீக்கர் ஸ்டாண்டு வாங்குங்கள். காதுக்கு அதில்தான் வித்தியாசம் தெரியும்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: அம்மாவுக்கு 78 வயது. காலையில் வானொலியில் சங்கீதம் கேட்டுப் பழகியவர். ஸ்மார்ட்போன் தொடமாட்டார். கண்ணும் சரியில்லை. அவருக்கு ஸ்ட்ரீமர் சரிப்படுமா?

சரிப்படும். இந்தக் கட்டில் நான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்துக்குத்தான், கடைசியில் அச்சாகிறது.

ஆகாசவாணி 2016 ஜனவரி 26 அன்று 'ராகம்' என்று இருபத்து நான்கு மணி நேர சாஸ்திரிய சங்கீத ஒலிபரப்பைத் தொடங்கியது. இணையத்தில் வருகிறது. கர்நாடக சங்கீதமும் உண்டு, இந்துஸ்தானியும் உண்டு. இணைய வானொலியைச் சேமித்து வைக்கக்கூடிய, ரிமோட்டில் 1, 2, 3, 4 என்று தனிப் பொத்தான்கள் உள்ள ஸ்ட்ரீமராகப் பார்த்து வாங்குங்கள். ரிமோட் சிலவற்றில் தனியாக விற்கப்படும், கேட்டு உறுதிசெய்யுங்கள். முதல் பொத்தானில் ராகத்தை வையுங்கள். இரண்டாவதில் அவருக்குப் பிடித்த பாடகரின் பாட்டுகள். மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டுவிடுங்கள்.

மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் கண் விழிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஸ்ட்ரீமர் அதற்கு முன்பே எழுந்து, வைஃபை இல்லை என்று சும்மா இருந்துவிடலாம். அம்மா பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுவிட்டது என்று உட்கார்ந்துவிடுவார். ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சு அவர் கைக்குப் பழகியது, அதை மாற்ற வேண்டாம். தேர்வுத் திருகு எப்போதும் ஆக்ஸில் நிற்கட்டும். வால்யூம் திருகில் அவருக்குப் போதுமான இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். ரிமோட்டின் முதல் பொத்தான் மீதும் இன்னொரு சொட்டு. காய்ந்ததும் விரலுக்குத் தட்டுப்படும், கண் தேவைப்படாது.

முதல் நாள் காலை நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆனால் பொத்தானை அவரே அழுத்தட்டும்.